இருட்டிய பிறகு ரோத்தன்பர்க்

டிசம்பரில், ஜெர்மனியின் பழைய மதில் நகரமான ரோத்தன்பர்க்கில் மாலை நாலரைக்குள் வெளிச்சம் போய்விடும். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் எதற்காக இருக்கின்றன என்பது விளங்குகிறது. படங்களில் விளக்கு அலங்காரம் மட்டுமே தெரியும். அங்கே போய் நின்று பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, ஊர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

அக்கா வூர்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். நான் போயிருந்த சமயம் அவளுக்கு இரண்டு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது. "பகல்ல போய்ட்டு சாயங்காலம் திரும்பினா பஸ் கூட்டத்தைத்தான்டா பார்ப்பே. அஞ்சு மணிக்கு மேலதான் அது ஊரா இருக்கும். ராத்திரி அங்கேயே தங்குவோம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ரோத்தன்பர்க் போக நினைக்கிற யாருக்கும் நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

வூர்ஸ்பர்க்கிலிருந்து ஸ்டைனாக் வரை ஒரு ரயில். அங்கிருந்து ரோத்தன்பர்க்குக்குச் சின்னக் கிளைப்பாதை, கால் மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கிழக்குப் பக்கத்து ரோடர் வாசல் வந்துவிடுகிறது. பதினோராயிரம் பேர் வசிக்கும் ஊர். அதில் சிறு பகுதியினர்தான் மதிலுக்குள் இருக்கிறார்கள்.

வாசலுக்குள் நுழைந்ததும் அக்கா சந்தைப் பக்கம் திரும்பவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க வேண்டியதை முதலில் பார்க்க வேண்டும் என்று மதிலுக்கு ஏறும் கல்படியைக் காட்டினாள். மேலே ஓட்டுக்கூரை போட்ட நடை. ஒரு பக்கம் அம்பெய்யும் துவாரங்கள் கொண்ட சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலம்தான். ஊரின் செங்குத்தான சிவப்புக் கூரைகள் எல்லாம் கண் மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

நடந்துகொண்டே இருக்கையில் சுவரில் பதித்த கற்களில் பெயர்கள் தென்பட ஆரம்பித்தன. ஆளின் பெயர், ஊர், எத்தனை மீட்டர் என்ற எண். அமெரிக்க ஊர்கள், ஜப்பானியப் பெயர்கள், ஜெர்மன் குடும்பங்கள், கம்பெனிகள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1945 மார்ச் 31 அன்று, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, அமெரிக்க விமானங்கள் இந்த ஊரின்மேல் குண்டு வீசின. 306 வீடுகள் போயின. ஒன்பது கோபுரங்களும் அறுநூறு மீட்டருக்கு மேல் மதிலும் விழுந்தன. பழைய நகரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, பெரும்பாலும் நாங்கள் நடந்துகொண்டிருந்த அந்தக் கிழக்குப் பக்கம். போருக்குப் பிறகு கையில் காசில்லாத ஊர் உலகத்திடம் கேட்டது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று மதிலுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள்தான் அவை. குண்டு வீசிய நாட்டுக்காரர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

மீதி ஊர் தப்பியதற்கும் ஓர் அமெரிக்கரே காரணம். போர்த்துறை உதவிச் செயலாளராக இருந்த ஜான் மெக்லாய். அவருடைய அம்மா இளம் வயதில் இங்கே வந்து மனதைப் பறிகொடுத்து, ஊரின் படம் ஒன்றை வீட்டில் வைத்திருந்தாராம். அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த மகன், 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியபோது பீரங்கியால் அடிக்க வேண்டாம் என்று தடுத்தார். வெள்ளைக்கொடியுடன் ஒரு சிறு குழு உள்ளே போய்ப் பேசியது. கடைசி ஆள் வரை போரிட வேண்டும் என்ற ஹிட்லரின் கட்டளையை மீறி உள்ளூர்த் தளபதி ஊரை ஒப்படைத்தார். வூர்ஸ்பர்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரோத்தன்பர்க்கில் குண்டு விழுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, மார்ச் 16 இரவில், இருபது நிமிடத்துக்குள் அது எரிந்து போயிருந்தது. அக்கா குடியிருக்கும் தெருவில் 1950க்கு முந்தைய வீடு ஒன்றுகூட இல்லை.

ஆக, இங்கே கண்ணுக்குப் படுகிற 'இடைக்காலம்' முழுக்க இடைக்காலத்தில் கட்டியதல்ல. அதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு ஊர் மேல் மதிப்பு கூடிப்போனது. பழையபடி வளைந்த தெருவை வளைவாகவே விட்டு, கூரைச் சரிவு மாறாமல், புதிய வீட்டையும் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகக் கட்டியிருக்கிறார்கள். பசித்திருந்த ஒரு காலத்தில் எடுத்த முடிவு அது.

அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகள் ஊர் மாறாமல் இருந்ததற்குக் காரணம் வறுமை. 1274இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாகி, 1400 வாக்கில் செழித்திருந்தது. முப்பதாண்டுப் போரில், 1631இல், டில்லி என்ற கத்தோலிக்கத் தளபதியின் படை புகுந்து சூறையாடியது. 1634இல் கொள்ளைநோய். அதன் பிறகு இடித்துக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து பார்த்தபோது பழைய ஊர் அப்படியே நின்றிருந்தது. மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்து நகரத் தலைவர் ஒருவர் டில்லியிடமிருந்து ஊரைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை உண்டு. சந்தைச் சதுக்கத்துக் கடிகாரத்தில் மணி அடிக்கும்போது சன்னல் திறந்து அந்தப் பொம்மை குடித்துக் காட்டும். குழந்தைகளுக்கு அது பிடித்திருக்கிறது.

மூன்றரை மணிக்குப் புனித யாக்கோபு தேவாலயத்துக்குள் போனோம். சந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தேவாலயத்தில் இவ்வளவு நேரம் நிற்பது சிலருக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் சந்தை நடப்பதே இந்தக் கட்டடத்தின் காலடியில்தான். மேற்குக் கோடியில் படியேறிப் போனால், கீழே தெரு ஓடும் ஒரு வளைவின் மேல் மாடம். அங்கே இருக்கிறது டில்மன் ரீமென்ஷ்னைடர் செதுக்கிய திரு இரத்தப் பீடம். உள்ளூர்த் தச்சர் ஒருவர் கூடு செய்ய, வூர்ஸ்பர்க்கிலிருந்த ரீமென்ஷ்னைடர் 1505 வரை உருவங்களைச் செய்து முடித்தார். லிண்டன் மரம். அந்தக் கால வழக்கப்படி வண்ணமும் தங்கமும் பூசாமல் மரம் மரமாகவே விட்டிருக்கிறார்கள்.

நடுவில் கடைசி இராப்போஜனம். உருவங்களுக்குப் பின்னால் வட்டக் கண்ணாடிகள் பதித்த சிறு சன்னல்கள். வெளியே இருக்கிற வெளிச்சம் அவற்றின் வழியே சீடர்களின் தோளுக்கு மேலாக வந்து விழுகிறது. டிசம்பர் மாலையில் அது நிமிடத்துக்கு நிமிடம் மங்கிக்கொண்டே வந்தது. சட்டை மடிப்புகள் ஆழமாகிக்கொண்டே போயின. படத்தின் நடுவில் இருப்பது இயேசு அல்ல. நட்ட நடுவில் பணப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் யூதாஸ். இயேசு பக்கவாட்டில் இருந்து அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். காட்டிக் கொடுக்கப் போகிறவனுக்கும் பந்தியில் பங்கு உண்டு என்று செதுக்கிய அந்தக் கையை நினைத்து நான் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். ரீமென்ஷ்னைடர் பிற்பாடு வூர்ஸ்பர்க்கில் நகரத் தலைவராகவும் இருந்தார். 1525 விவசாயிகள் போரில், ஊரை ஆண்ட ஆயரின் பக்கம் நிற்க மறுத்த நகர மன்றத்தில் இருந்ததற்காகக் கோட்டையில் அடைபட்டார்.

இடப்பக்கச் சிறகில் இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் போகிறார். எங்கள் பொறையாறு பக்கத்து லுத்தரன் ஆலயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது முதல் ஆகமன ஞாயிற்றின் வேதபாடம். குருத்தோலை ஞாயிற்றுக் கதையை ஏன் கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வாசிக்கிறார்கள் என்று சிறுவயதில் கேட்டதற்கு, "வர்றவரைப் பத்தின கதைடா அது" என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

படியிறங்கி அந்த வளைவின் அடியாகப் போனால் யூதர் தெரு. வரிசையாகப் பழைய வீடுகள், சின்னக் கதவுகள், ஆள் நடமாட்டமே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் யூதர்கள் மதச் சட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிய யூத மதகுரு, ரபி மேயிர் பென் பாருக், பல ஆண்டுகள் இந்த ஊரில்தான் இருந்தார். ஊரைவிட்டுப் போக முயன்றபோது பிடிபட்டு, தன்னை மீட்கப் பணம் கொடுக்க வேண்டாம் என்று தன் மக்களைத் தடுத்து, 1293இல் சிறையிலேயே இறந்தார். ஐந்து வருடத்தில், 1298இல், நற்கருணையைக் குத்திக் களங்கப்படுத்தினார்கள் என்ற பொய்ப் பழியைச் சுமத்தி இங்கிருந்த யூதர்களைக் கொன்று குவித்தார்கள். 1520இல் எஞ்சியவர்களை விரட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பி வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களை 1938 அக்டோபரில் மறுபடி விரட்டினார்கள். நாஜிகள் அசல் ஜெர்மன் நகரம் என்று கொண்டாடி, தொழிலாளர்களைச் சுற்றுலாவாக அழைத்து வந்த ஊர் இது. பீடத்தில் அப்பம் நீட்டும் கையைப் பார்த்துவிட்டு நேரே இந்தத் தெருவுக்கு வந்தது எனக்குக் கனமாக இருந்தது. ரோத்தன்பர்க்கின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தெருவையும் எழுதியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சந்தையில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

ரைட்டர்லெஸ்மார்க்ட் என்று இதற்குப் பெயர். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து நடப்பதாக ஊர் சொல்கிறது. ரைட்டர்லே என்றால் குட்டிக் குதிரைவீரன். குளிர்கால இரவுகளில் செத்தவர்களின் ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வானத்தில் பறப்பவன் என்று ஒரு காலத்தில் பயந்தார்களாம். இப்போது குதிரையில் வந்து சந்தையைத் தொடங்கி வைப்பவனே அவன்தான். பயத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரியான இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெரிய சந்தை இல்லை. நகர மன்றத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையில் உள்ள சிறு வெளிகளில் மரக் கடைகள் நெருக்கி நிற்கின்றன. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போவதற்குள் மணம் மாறிவிடுகிறது. சர்க்கரைப் பாகில் வறுபடும் பாதாம், கரியில் வாட்டும் தொத்திறைச்சி, சுட்ட செஸ்ட்நட். பொம்மைக் கடையில், எர்ஸ்கெபிர்கே மலைப் பகுதியில் செய்த பிரமிடுகள் சுழன்றுகொண்டிருந்தன. அடித்தட்டில் மெழுகுவர்த்தி எரியும். சூடான காற்று மேலே ஏறி உச்சியிலுள்ள மரச் சிறகுகளைத் தள்ள, தட்டுத் தட்டாக நிற்கும் மேய்ப்பர்களும் ஆடுகளும் சுற்றி வருவார்கள். மோட்டார் கிடையாது. அந்த மலையில் கனிமம் குறைந்துபோனபோது சுரங்கத் தொழிலாளர்கள் மரவேலைக்குத் திரும்பினார்கள். சன்னலில் வைக்கும் வில் வடிவ விளக்கில் சுரங்கத் தொழிலாளியின் உருவம் நிற்பது அதனால்தான். குளிர்காலத்தில் விடியுமுன் குழிக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருகிற மனிதர்கள் விளக்குக்கு எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்!

அக்கா இரண்டு கோப்பை க்ளூவைன், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய திராட்சை மது, வாங்கிவந்தாள். மற்ற ஊர்களில் இது சிவப்பாக இருக்கும். ரோத்தன்பர்க் இருக்கும் ஃபிராங்கன் பகுதியில் வெள்ளைத் திராட்சை மதுவிலும் காய்ச்சுகிறார்கள். கொதிக்க விடுவதில்லை. கொதித்தால் மதுவின் வீரியம் ஆவியாகி, மசாலாவும் கசந்துவிடும். கனமான பீங்கான் கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் காசையும் திருப்பித் தருகிறார்கள். காகிதக் கப் இல்லாததால் கையில் கோப்பையோடு யாரும் நகர்ந்து போவதில்லை. உயரமான மேசையைச் சுற்றி, முன்பின் தெரியாதவர்களோடு, குடித்து முடிக்கும் வரை நிற்கத்தான் வேண்டும். நின்றால் பேச்சு வந்துவிடுகிறது. எங்கள் மேசையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். பக்கத்துக் கிராமம், ஒவ்வொரு வாரமும் வருகிறார்களாம். இந்தக் கடைக்காரர் பட்டையைத் தாராளமாகப் போடுவார் என்று அந்த அம்மாள் சொன்னார்.

பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. ரொட்டிக் கடையிலிருந்த லேப்கூகன் என்ற மசாலா பிஸ்கட்டில் ஏலமும் இஞ்சியும். ஜெர்மன் கிறிஸ்துமஸ் என்று உலகம் சொல்லும் மணத்தில் பெரும்பங்கு இலங்கையும் மலபாரும் கொடுத்தது. வெனிஸ் வழியாகப் பல கை மாறி வந்த சரக்கு நியூரம்பெர்க் வணிகர்களைச் செல்வந்தர்களாக்கியது. ரீமென்ஷ்னைடர் பீடத்தை முடித்த அதே 1505இல், அவுக்ஸ்பர்க், நியூரம்பெர்க் வணிகர்கள் முதல்போட்ட கப்பல்கள் லிஸ்பனிலிருந்து அல்மெய்டாவின் போர்த்துக்கீசியக் கடற்படையோடு நம் கடற்கரைக்குக் கிளம்பின. மிளகுக்காகத்தான். அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் வந்த வன்முறையையும் நாம் அறிவோம். கோப்பையிலிருந்து எழுந்த அந்த மணம் எங்கள் இருவருக்கும் வீட்டு மணமாக இருந்தது உண்மை.

ஷ்னேபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பலகாரம் அது. மாவை வட்டமாகத் தேய்த்து, ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே நாடா நாடாகக் கீறி, ஒரு குச்சியால் ஒன்றுவிட்டு ஒன்று தூக்கி, உருண்டை வடிவ இரும்பு அச்சில் தளர்வாகப் போட்டு மூடி எண்ணெயில் பொரிக்கிறார்கள். வெந்ததும் பொடிச் சர்க்கரை. கிறிஸ்துமஸுக்கு அம்மா சுடும் அச்சு முறுக்கை நினைத்துக்கொண்டு கடித்தேன். அதன் மொறுமொறுப்பு இதில் இல்லை. உலர்ந்த மாவின் ருசிதான் முன்னே நிற்கிறது. வகைவகையாகச் சாக்லேட் முக்கியதை எல்லாரும் வாங்குகிறார்கள். சர்க்கரை மட்டும் தூவியதைச் சிறிதாக வாங்கி, சூடான பானத்தோடு சாப்பிடுங்கள். அதுதான் நல்லது.

ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் பொருள் விற்கும் பெரிய கடையும் ஊரில் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தோம். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஜூலை மாத வெயிலில் இதே மரமும் இதே நட்சத்திரங்களும் இப்படியே மினுக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது மனம் ஒட்டவில்லை. சந்தையின் உயிர் அது முடிந்துபோகும் என்பதில் இருக்கிறது. முதல் ஆகமன ஞாயிற்றை ஒட்டித் தொடங்கி, டிசம்பர் 23உடன் கடைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பண்டிகைக்காக நடக்கும் சந்தை, பண்டிகைக்கு முன்பே முடிந்துவிடும். காத்திருக்கிற நாட்களுக்கான சந்தை இது. ஹாம்பர்க்கில் அனாதைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய வீகர்ன் என்ற போதகர், "கிறிஸ்துமஸ் எப்போ வரும்" என்று தினமும் கேட்ட குழந்தைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. நாளுக்கு ஒன்று ஏற்றுவார்கள். இன்று வீட்டுக்கு வீடு வைக்கும் நாலு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்தது. இருட்டைக் குழந்தைகள் எண்ணிக் கடக்கும்படி செய்த அந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

ஆறு மணிக்கு மேல் அக்கா சொன்னபடியே ஆனது. கொடி பிடித்த வழிகாட்டிகளைக் காணவில்லை. பள்ளிப் பையை முதுகில் மாட்டிய பிள்ளைகள், வேலை உடுப்போடு வந்த ஆட்கள், கைத்தடி ஊன்றிய பாட்டிகள். கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தேவாலயப் பக்கத்திலிருந்து பித்தளை வாத்தியக் குழு ஒன்று வாசிக்கத் தொடங்கியது. இங்கே லுத்தரன் சபைகளில் இப்படி ஊதும் குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. வாசிப்பவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், பதினைந்து வயதுப் பெண்ணும் எழுபது வயது ஐயாவும் பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டாவது பாட்டின் முதல் வரியிலேயே நானும் அக்காவும் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஞானப்பாட்டு மெட்டு. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது முதல், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த மிஷனரிகள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிக்கொண்டே இருந்தார்கள். பிறகு வந்த ஃபபிரீசியுஸ் அவற்றைத் திருத்தமான தமிழில் நிறையவே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியத்தோடு பாடிப் பாடி, அது எங்கள் ஊர்ப் பாட்டு என்றே நாங்கள் வளர்ந்தோம். அக்கா வாய்விட்டே பாடினாள், தமிழில், மூன்று சரணம். மேசையில் நின்ற அந்த அம்மாள் ஜெர்மனில் சேர்ந்துகொண்டார். மெட்டு ஒன்றாகையால் எங்கும் இடிக்கவில்லை. முடிந்ததும் "உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அக்கா தரங்கம்பாடியிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த கோப்பை அவர் வாங்கித் தந்தது.

கடை அடைக்கிற நேரத்தில் அக்கா வைக்கோல் நட்சத்திரம் விற்கும் கடைக்கு ஓடினாள். வைக்கோலை நனைத்து, பிளந்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்வது. விலை மலிவு, கையில் எடுத்தால் கனமே இல்லை. 24ஆம் தேதி இரவு வேலையை வருடா வருடம் அவளே கேட்டு வாங்கிக்கொள்வாளாம். பிள்ளைகள் உள்ள ஜெர்மன் நர்ஸ்கள் அன்று வீட்டில் இருக்கட்டும், நமக்கு 25 காலையில் ஆராதனை போதும் என்பது அவள் கணக்கு. வீட்டுக்கு அனுப்ப முடியாதவர்கள் மட்டும்தான் அன்று வார்டில் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் நட்சத்திரங்கள், கட்டிலுக்கு ஒன்று.

"எத்தனை வேணும்?" என்றார் கடைக்காரர். எத்தனை பேர் இருப்பார்கள் என்று இப்போதே தெரியாதே என்று அவள் யோசித்தாள். விவரம் கேட்டுக்கொண்ட அவர் ஒரு பெட்டி முழுவதையும் கட்டிக் கொடுத்து, பாதிக்குத்தான் காசு வாங்கினார்.